மறுத்தது யார்?

கணினித் திரையில் தோன்றும் பிழைச் செய்திகளில், படிப்பவரை எளிதாகத் தவறான பக்கம் திருப்பிவிடக்கூடியது 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்ற இரண்டு சொற்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்று பொருள். மறுப்பு என்றதும் வழியில் ஏதோ தடை என்றே மனம் எண்ணுகிறது. நெட்வொர்க்கில் பழுது, ரவுட்டர் சரியில்லை, ஃபயர்வால் குறுக்கே நிற்கிறது என்று ஐயங்கள் வரிசைகட்டுகின்றன. ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள்; ஃபயர்வாலை நிறுத்திப் பார்க்கிறார்கள்; ஒரு மணி நேரம் கழித்தும் திரையில் அதே இரண்டு சொற்கள். அவை பிறக்கும் இடத்திலிருந்து பார்த்தாலோ பொருள் ஏறக்குறையத் தலைகீழாகிவிடும். நாம் அனுப்பியது ஒரு கணினிக்குப் போய்ச் சேர்ந்தது, அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, அது எழுதிய பதில் நம்மிடம் திரும்பியும் வந்துவிட்டது என்பதற்கான சாட்சியம் அது. வழி திறந்தே இருக்கிறது. ஆகவே 'ஏன் போய்ச் சேரவில்லை' என்று தேடுவது வீண் உழைப்பு. 'மறுத்தது யார், எதனால்' என்று கேட்பதே பயன் தரும். ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று கணினிகள் குடியிருக்கும் மெய்நிகர் கணினிகளின் உலகில், 'யார்' என்ற அந்தக் கேள்விக்கு விடை சொல்வது இன்னும் நுட்பமான வேலை.

நிரலாளர்களின் மேசையில் அன்றாடம் காணக்கூடிய ஓர் அமைப்பை வைத்துக்கொண்டு யோசிப்போம். ஒரு லேப்டாப், அதில் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள், அதன் உள்ளே உபுண்டு லினக்ஸ் ஓடும் ஒரு மெய்நிகர் கணினி, அந்த லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். 5432 என்ற போர்ட்டில் அது காத்திருக்கும் என்பது மரபு. லேப்டாப்பிலிருந்து அழைத்தால் மறுப்பு வருகிறது. போஸ்ட்கிரெஸை எழுதியவர்கள் இந்தப் பிழைச் செய்தியோடு ஒரு கேள்வியையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள்: அந்தக் கணினியில் சர்வர் ஓடுகிறதா, டிசிபி வழி வரும் இணைப்புகளை ஏற்கிறதா? அவசரத்தில் கண் தாண்டிப் போய்விடும் அந்த வரியில் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. கேபிளைப் பற்றியோ ரவுட்டரைப் பற்றியோ அது ஒரு சொல்கூடக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேள்வியை ஏன் அப்படி அமைத்தார்கள் என்று புரிய, மறுப்பு என்ற செயல் எப்படி நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

இணையத்தின் அடித்தளமான டிசிபி நெறிமுறையின் கருத்தை விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அது முதிர்ந்து, ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக 1981 செப்டம்பரில் நிலைபெற்றது. அதன்படி, இரு கணினிகள் பேசத் தொடங்கும் முன் மூன்று சிறு பாக்கெட்டுகள் கைமாற வேண்டும். அழைப்பவர் 'சின்' என்ற பாக்கெட்டை அனுப்புகிறார்; ஏற்பவர் 'சின்-ஆக்' என்று பதில் தருகிறார்; அழைப்பவர் 'ஆக்' சொல்லி முடிக்கிறார். அழைக்கப்பட்ட போர்ட்டில் யாருமே காத்திருக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கும் அந்த ஆவணத்தில் தெளிவான விதி உண்டு. இல்லாத ஓர் இணைப்பை நோக்கி எந்தப் பாக்கெட் வந்தாலும், வந்ததே ஒரு ரீசெட்டாக இருந்தாலொழிய, பதிலுக்கு ஒரு 'ரீசெட்' பாக்கெட்டை அனுப்ப வேண்டும். இதற்கு வலுவான காரணம் இருந்தது. ஒரு கணினி நடுவில் விழுந்து மீண்டும் எழுந்தால், பழைய உரையாடல் எதுவும் அதன் நினைவில் இருக்காது. மறுமுனையோ எதுவும் தெரியாமல் பேசிக்கொண்டே இருக்கும். 'நீ சொல்லும் இணைப்பு என்னிடம் இல்லை' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இருவரும் புதிதாகத் தொடங்கலாம். 2022 ஆகஸ்டில் பழைய ஆவணத்தின் இடத்தில் ஆர்எஃப்சி 9293 வந்தபோதும் இந்த விதி அப்படியே நீடித்தது.

இந்த ரீசெட்டை அனுப்புவது தரவுத்தளம் அல்ல. இயங்குதளத்தின் மையமான கெர்னல். இந்த நுட்பத்தை விட்டுவிட்டால் மற்ற எல்லாமே குழம்பிவிடும். நாம் அனுப்பிய பதிவுத் தபால், 'பெறுநர் இந்த முகவரியில் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வருவதை நினைத்துப் பார்க்கலாம். அந்தக் குறிப்பை எழுதியவர் தபால்காரர். கடிதம் சரியான ஊருக்குப் போனது, தெருவுக்குப் போனது, வாசல் வரை போனது, அங்கிருந்து திரும்பும் வழியும் சரியாக இருக்கிறது என்று அத்தனையையும் அந்த ஒரு குறிப்பே நிரூபித்துவிடுகிறது. கெர்னல் செய்வதும் அதைத்தான். எந்த நிரல் எந்த முகவரியில் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்ற பட்டியல் அதனிடம் இருக்கிறது. வந்த அழைப்புக்குப் பொருந்தும் பதிவு பட்டியலில் இல்லையென்றால் உடனே ரீசெட் போகும். அழைத்த பக்கத்தில் அது லினக்ஸில் 111 என்ற பிழை எண்ணாகவும், விண்டோஸில் 10061 ஆகவும், மேக்கில் 61 ஆகவும் நிரலின் கைக்கு வருகிறது. எண் வேறு, பொருள் ஒன்று: இந்த முகவரியும் இந்த போர்ட்டும் சேர்ந்த இடத்தில் காத்திருப்பவர் யாரும் இல்லை.

இதற்கு நேர் எதிரான நிலை மௌனம். ஃபயர்வால் ஒரு பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டால், அழைத்தவருக்குப் பதில் எதுவும் வராது. லினக்ஸ் நெடுங்காலமாகக் கடைப்பிடித்த வழக்கப்படி, முதல் அழைப்புக்குப் பிறகு 1, 3, 7, 15, 31, 63 நொடிகளில் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்து, 127-ஆவது நொடியில்தான் கைவிடும். அப்போது வரும் செய்தி 'டைம்டு அவுட்'. அமேசான் போன்ற நிறுவனங்களின் கிளவுடில் ஒரு மெய்நிகர் கணினியை வாடகைக்கு எடுத்தால், அதைச் சூழ்ந்திருக்கும் செக்யூரிட்டி குரூப் என்ற காவல் அடுக்கு, அனுமதி இல்லாத பாக்கெட்டுகளை இப்படித்தான் மௌனமாக விழுங்குகிறது. 1997-இல் வெளிவந்த என்மேப் என்ற போர்ட் ஆராயும் கருவி இந்த வேறுபாட்டை முதன்மையாக மதிக்கிறது: பதில் ஏற்பாக வந்தால் 'திறந்தது', மறுப்பாக வந்தால் 'மூடியது', எதுவுமே வராவிட்டால் 'வடிகட்டப்பட்டது' என்று தனித்தனியாகக் குறிக்கிறது. மூடியிருப்பதும் வடிகட்டப்படுவதும் இருவேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பதால்தான் மணிக்கணக்கில் நேரம் போகிறது.

சரி, காத்திருப்பவர் இல்லை என்று தெரிந்துவிட்டது. இந்த 'இல்லை'க்கு நான்கு வடிவங்கள் உண்டு. முதலாவது, சேவையே ஓடவில்லை. தொடங்கவே இல்லை, அல்லது தொடங்கியதும் விழுந்துவிட்டது. இரண்டாவது, ஓடுகிறது, ஆனால் வேறு போர்ட்டில். உபுண்டுவில் ஏற்கெனவே ஒரு போஸ்ட்கிரெஸ் பதிப்பு இருக்க, இன்னொரு பதிப்பை நிறுவினால், 5432 முன்னதன் கையில் இருப்பதால் புதியது 5433-க்குப் போய்விடும். மூன்றாவது, போர்ட் சரி, முகவரி வேறு. போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பு 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற உள்முகவரியில் மட்டும் காத்திருப்பது. உள்ளிருந்து அழைத்தால் பேசும், வெளியிலிருந்து வரும் அழைப்பு கெர்னலின் பட்டியலில் பொருந்தாது. நான்காவது, முகவரிக் குடும்பம் வேறு. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு 127.0.0.1 என்ற பழைய ஐபிவி4 முகவரியும் உண்டு, ::1 என்ற ஐபிவி6 முகவரியும் உண்டு. 2021-இல் வந்த நோட்.ஜேஎஸ் 17-ஆம் பதிப்பு, பெயருக்குரிய முகவரிகளில் ஐபிவி4-ஐ முன்னால் நகர்த்திவைக்கும் பழக்கத்தைக் கைவிட்டது. 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்த சேவைகளை ::1-இல் போய்த் தட்டிய நிரல்கள், அதுவரை நன்றாக ஓடியவை, மறுப்பைச் சந்தித்தன. ஒரே செய்தி, நான்கு காரணங்கள்; நான்கில் எதுவும் வழியில் இல்லை, எல்லாமே வாசலில்தான் இருக்கின்றன.

மெய்நிகர் கணினி இங்கே தன் சிக்கலைக் கொண்டுவருகிறது. 127.0.0.1 என்பது ஒரு கணினியின் பெயர் அல்ல. 'நான்' என்ற சொல்லைப் போன்றது. யார் சொல்கிறாரோ அவரையே அது குறிக்கும். லேப்டாப் சொன்னால் லேப்டாப். மெய்நிகர் கணினி சொன்னால் மெய்நிகர் கணினி. தரவுத்தளம் மெய்நிகர் கணினியில் இருக்க, லேப்டாப்பில் நின்றுகொண்டு 127.0.0.1-ஐ அழைத்தால், மறுப்பை அனுப்புவது லேப்டாப்பின் சொந்தக் கெர்னல். அந்தப் பாக்கெட் மெய்நிகர் கணினியின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதை உணராமல் உள்ளே போய்த் தரவுத்தளத்தின் அமைப்புக் கோப்புகளை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது. விர்ச்சுவல்பாக்ஸின் நாட் முறையில் மெய்நிகர் கணினிக்கு வழக்கமாகக் கிடைக்கும் முகவரி 10.0.2.15. அது அந்த மென்பொருள் உள்ளுக்குள் கட்டிய சிறு உலகத்தில் மட்டும் செல்லும் முகவரி. லேப்டாப்பிலிருந்து நேராகப் போக முடியாது. போர்ட் ஃபார்வர்டிங் என்ற ஏற்பாட்டைச் செய்தால், லேப்டாப்பின் வாசலில் விர்ச்சுவல்பாக்ஸே காத்திருந்து, வருவதை உள்ளே கடத்தும். அப்போது காட்சி மீண்டும் மாறுகிறது. உள்ளே தரவுத்தளம் இல்லாவிட்டாலும் வாசலில் ஆள் இருப்பதால் இணைப்பு முதலில் கிடைத்துவிட்டு, அடுத்த கணமே அறுந்துவிடக்கூடும். மறுப்புக்கும் இந்த அறுபடலுக்கும் உள்ள வேறுபாடே, நடுவில் ஒரு தரகர் நிற்கிறார் என்பதற்கான தடயம்.

இப்படிப் பேசுபவர்கள் பலர் இருக்கும் இடத்தில், யார் பேசினார் என்று கண்டுபிடிக்க ஒரு முறை வேண்டும். நல்ல சோதனையின் இலக்கணம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. அதற்கு வசதியான திசை உள்ளிருந்து வெளியே. முதலில் மெய்நிகர் கணினிக்குள் நின்று, காத்திருக்கும் போர்ட்டுகளின் பட்டியலைக் கேட்க வேண்டும். லினக்ஸில் எஸ்எஸ் என்ற கட்டளை கெர்னலின் அந்தப் பட்டியலையே காட்டும். 5432 அதில் இல்லையென்றால் தேடல் அங்கேயே முடிந்தது. சேவையின் பதிவேட்டைப் புரட்டலாம். இருந்தால், அதன் அருகே இருக்கும் முகவரியைப் படிக்க வேண்டும்: 127.0.0.1 என்றால் உள்ளே மட்டும், 0.0.0.0 என்றால் அந்தக் கணினியின் எல்லா ஐபிவி4 முகவரிகளும். அடுத்து, உள்ளிருந்தே 127.0.0.1-ஐ அழைப்பது, பிறகு உள்ளிருந்தே மெய்நிகர் கணினியின் வெளிமுகவரியை அழைப்பது, பிறகு லேப்டாப்பிலிருந்து, கடைசியாக வேறொரு கணினியிலிருந்து. எந்தப் படியில் பதில் மாறுகிறதோ, அந்தப் படிக்கும் முந்தைய படிக்கும் இடையில்தான் காரணம் இருக்கிறது. இரண்டாம் படி வெற்றி, மூன்றாம் படி மறுப்பு என்றால், தரவுத்தளம் உள்முகவரியில் மட்டும் காத்திருக்கிறது என்பதை ஊகம் இல்லாமல் சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ரீசெட் கெர்னலிடமிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன உறுதி? ஃபயர்வாலும் மறுப்பை அனுப்ப முடியுமே? முடியும். லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் பாக்கெட்டைக் கீழே போடும் 'டிராப்' என்ற விதி இருப்பதுபோல, பதில் சொல்லித் திருப்பும் 'ரிஜெக்ட்' என்ற விதியும் இருக்கிறது. அது ஐசிஎம்பி வழியாக 'போர்ட்டை எட்ட முடியாது' என்ற அறிவிப்பை அனுப்பும். விரும்பினால் அசல் ரீசெட்டையே அனுப்பவும் வைக்கலாம். இரண்டுமே அழைத்த நிரலுக்கு அதே 111-ஆகத்தான் தெரியும். வழியில் இருப்பவர்கள் பிறர் பெயரில் ரீசெட் அனுப்பிய வரலாறும் உண்டு. அமெரிக்க இணைய நிறுவனமான காம்காஸ்ட், பிட்டோரண்ட் உரையாடல்களை இப்படிப் போலி ரீசெட்டுகளால் துண்டித்தது 2007-இல் வெளிப்பட்டு, அந்நாட்டின் எஃப்சிசி ஆணையம் 2008-இல் அதைக் கண்டித்து உத்தரவிட்டது. ஆகவே ஆட்சேபம் உண்மை. ஆனால் அது இதுவரை சொன்ன வாதத்தைத் தளர்த்தவில்லை. அதன் தேவையை உறுதிப்படுத்துகிறது. மறுப்பு என்றால் யாரோ ஒருவர் பேசியிருக்கிறார் என்பது அப்போதும் மாறவில்லை. பேசியவரின் அடையாளம்தான் ஐயத்துக்குரியது. அடையாளம் காணவும் வழி உண்டு. வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை மெய்நிகர் கணினிக்குள் ஓடவிட்டு, வெளியிலிருந்து ஒருமுறை அழைக்க வேண்டும். சின் உள்ளே வருவதும் ரீசெட் வெளியே போவதும் தெரிந்தால் மறுத்தது அந்தக் கணினியே. கெர்னலா, அதே கணினியின் ஃபயர்வாலா என்பதை எஸ்எஸ் காட்டிய பட்டியலும் ஃபயர்வால் விதிகளும் சொல்லிவிடும். சின் வரவே இல்லை, ஆனாலும் அழைத்தவருக்கு மறுப்பு போயிருக்கிறது என்றால் பேசியவர் வழியில் இருக்கிறார். பாக்கெட்டில் இருக்கும் டிடிஎல் எண்ணும் உதவும். லினக்ஸ் அதை 64-இல் தொடங்குகிறது, விண்டோஸ் 128-இல். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் குறைக்கும். அதே கணினியிலிருந்து வரும் மற்றப் பாக்கெட்டுகளின் டிடிஎல்லுக்கு ஒவ்வாத எண்ணோடு ரீசெட் மட்டும் வந்தால், அது வேறு வாயிலிருந்து வந்த சொல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது ஆட்சேபம் வேலை அவசரத்திலிருந்து வருகிறது. இத்தனை ஆராய்ச்சி எதற்கு? சேவையை 0.0.0.0-இல் காத்திருக்கச் சொல்லி, ஃபயர்வாலையும் நிறுத்திவிட்டால் எந்தக் காரணமானாலும் தீர்ந்துவிடுமே என்பார்கள். இணைப்பு கிடைக்கவும் கூடும். ஆனால் அந்த மறுப்பு பெரும்பாலும் பிழையால் நேர்ந்ததல்ல, யாரோ யோசித்து வைத்த பாதுகாப்பு. 2017-இன் தொடக்கத்தில், கடவுச்சொல் இல்லாமல் இணையம் முழுவதற்கும் திறந்து கிடந்த பல்லாயிரம் மோங்கோடிபி தரவுத்தளங்களைத் தாக்கியவர்கள் அழித்து, தரவைத் திருப்பித் தரப் பணம் கேட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பில் இயல்பு அமைப்பு மாறியது; உரிமையாளர் வேண்டுமென்றே திறக்காதவரை அது லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் காத்திருக்கும். ரெடிஸ் 2016-இல் வந்த 3.2 பதிப்பிலேயே, கடவுச்சொல் வைக்காத சர்வர் வெளியார் கட்டளைகளை ஏற்காத பாதுகாப்பு முறையைச் சேர்த்திருந்தது. இன்று புதிதாக நிறுவிய தரவுத்தளம் வெளியிலிருந்து மறுப்பைத் தருகிறது என்றால், அந்தப் பட்டறிவு வேலை செய்கிறது என்று பொருள். எந்தக் கதவு, யாருக்காக என்று தெரிந்து ஒரு கதவைத் திறப்பது சீரமைப்பு. எல்லாக் கதவையும் திறந்துவைத்துவிட்டு, எது காரணம் என்றே தெரியாமல் நகர்வது, அடுத்த விபத்தை வீட்டுக்கு அழைப்பது.

மூன்றாவது ஆட்சேபம் பாதுகாப்புத் துறையினருடையது. மறுப்பு ஒரு பதில் என்றால், அது தாக்குபவருக்கும் பதில்தானே. மௌனமே பாதுகாப்பானது அல்லவா? இணையத்தை நோக்கிய வாசலில் இதற்கு வலு உண்டு. மௌனம் போர்ட் ஆராய்பவரைக் காத்திருக்கவைத்து அவருடைய வேகத்தைக் குறைக்கிறது. போலி முகவரியிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் பதில் அனுப்பி, தொடர்பில்லாத மூன்றாமவரைத் தொந்தரவு செய்வதையும் தவிர்க்கிறது. ஆனால் அதை மறைவிடம் என்று நம்பக் கூடாது. உண்மையிலேயே கணினி இல்லாத முகவரிக்குப் போனால், 'எட்ட முடியாது' என்று அதற்கு முந்தைய ரவுட்டர் பல நேரங்களில் சொல்லிவிடும். அந்தச் சொல்லும் வராத முழு மௌனம், அங்கே காவல் இருக்கிறது என்பதையே காட்டிக்கொடுக்கும். என்மேப்பின் 'வடிகட்டப்பட்டது' என்ற முத்திரை சொல்வதும் அதைத்தான். உள் நெட்வொர்க்கிலோ மௌனத்தின் விலையை நம்முடைய நிரல்களே கொடுக்கின்றன. ஒரு சேவை இல்லையென்று கணத்தில் தெரிந்தால் நிரல் மாற்று சர்வருக்குப் போகலாம்; தெரியாவிட்டால் இரண்டு நிமிடம் காத்து நிற்கும், அதன் பின்னால் பயனாளர்களும் காத்து நிற்பார்கள். வாசலில் மௌனம், வீட்டுக்குள் வெளிப்படையான மறுப்பு என்பதே அறிவுடைய ஏற்பாடாகத் தோன்றுகிறது.

மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுகிறதே என்பது கடைசி ஆட்சேபம். சில நேரம் ஆகும். ஏன் ஆகிறது என்பதும் சாட்சியமே. மெய்நிகர் கணினி எழும்போது கெர்னலும் நெட்வொர்க்கும் முதலில் தயாராகின்றன, தரவுத்தளம் பிறகு. அந்த இடைவெளியில் வரும் அழைப்புக்குக் கெர்னல் உண்மையையே சொல்கிறது: இப்போது யாரும் இல்லை. சில நொடி கழித்துத் தட்டினால் கதவு திறக்கும். அப்படியானால் தேவை மறுதொடக்கம் அல்ல, பொறுத்துப் பார்த்து மீண்டும் அழைக்கத் தெரிந்த நிரல். நினைவகம் போதாமல் கெர்னலே தரவுத்தளத்தைக் கொன்றிருந்தால், மறுதொடக்கம் அதை எழுப்பும். மறுநாள் அது மறுபடி விழும். பதிவேட்டைப் படிக்காமல் மறுதொடக்கம் செய்பவர், தடயம் இருக்கும் அறையைக் கழுவிவிட்டுப் பிறகு தேடத் தொடங்குகிறார்.

நம் லேப்டாப்புக்கே திரும்புவோம். உள்ளே நின்று பார்த்ததில், தரவுத்தளம் 127.0.0.1-இல் மட்டும் காத்திருப்பது தெரிந்தது. அதன் அமைப்பில் மெய்நிகர் கணினியின் முகவரியையும் சேர்த்து, சேவையை முழுமையாக நிறுத்தித் தொடங்க வேண்டும். அந்த ஒரு மாற்றத்துக்கு, அமைப்பை மறுவாசிப்புச் செய்யச் சொல்வது மட்டும் போதாது. போர்ட் ஃபார்வர்டிங்கையும் சரிசெய்தபின் மீண்டும் அழைத்தால், பெரும்பாலும் அப்போதும் உள்ளே விட மாட்டார்கள். இந்த முறை செய்தி வேறு: உங்கள் முகவரிக்கு அனுமதிப் பட்டியலில் இடம் இல்லை என்று போஸ்ட்கிரெஸ் சொல்லும். மறுபடியும் மறுப்புதானே என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை. முன்பு பேசியது கெர்னல், இப்போது பேசுவது தரவுத்தளம். நாம் அனுப்பிய பாக்கெட் வாசலைத் தாண்டி, தேடிப் போனவரின் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இனி எஞ்சியிருப்பது அவரிடம் அனுமதி பெறுவது மட்டும்.